செஸ்னா 172: பழைய மாடலா, பழைய விமானமா?

ஹட்டனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்துவிட்டு, இரத்மலானையில் விமானம் செலுத்தப் பழக வேண்டும் என்று நிற்கிறாளாம். அங்கே பழக்குவது செஸ்னா 172 என்ற விமானத்தில் என்று அறிந்து தேடிப் பார்த்தால், அது 1956 ஆம் ஆண்டு மாடலாம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் வந்திறங்கும் விமானமும் செஸ்னாதான், அது புதிதாகப் பளபளக்கிறதே, பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் பாட்டன் காலத்து விமானம் என்று கேட்கிறார். இந்தச் சிறிய விமானம் எங்கள் மலைக்கு மேலே வருமா என்பது அவருடைய கடைசி வரி.

சகோதரி, மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டது ஒரு விமானத்தின் வரலாறு. உங்கள் மனத்தில் இருப்பது வேறு: எழுபது வருடம் பழைய ஒன்றில் என் பிள்ளையை ஏற்றி அனுப்பலாமா என்பதுதான். அந்தக் கேள்விக்கு வரலாற்றின் வழியாகத்தான் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும். அதற்குமுன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் விமானி அல்லன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்த தந்தையிடம் ஸ்பானர் பிடிக்கப் பழகி, பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் சிறிய விமானங்களைக் கழற்றிப் பூட்டியவன். உலோகம், எஞ்சின், தேய்மானம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்வது என் கை அறிந்தது. ஆகாயத்தில் செலுத்தும் முறைபற்றிச் சொல்வது விமானிகளிடம் கேட்டும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் அறிந்தது. அந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

காசல்ரீ விமானத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். அது செஸ்னா 208, கரவான் என்று பெயர். அதே நிறுவனம், அதே போல மேலே இறக்கை. ஆனால் வேறு இனம். 1982 இல் முதன்முதலாகப் பறந்தது. அதன் மூக்கில் இருப்பது மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் இயங்கும் டர்பைன் எஞ்சின். 600 குதிரைவலுவுக்கு மேல் தரும். உங்கள் மகள் பழகப் போகும் விமானம் பெற்றோலில் ஓடுவது, நான்கு பேர் அமர்வது, புதிய மாடலில்கூட 180 குதிரைவலுதான். ஒன்று பஸ், மற்றது குடும்பக் கார். இரண்டையும் அருகருகே வைத்து எது நல்லது என்று கேட்பதில் பயனில்லை.

குடும்பக் கார் என்ற சொல்லை நான் உவமைக்காகப் போடவில்லை. அந்த விமானத்தை உருவாக்கியவர்களின் எண்ணமே அதுதான். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் கிளைட் செஸ்னா என்பவர் 1927 இல் தொடங்கிய நிறுவனம் அது. பொருளாதார மந்தத்தில் அது மூடப்பட்டது. 1934 இல் அவருடைய சகோதரியின் மகன் டுவேன் வாலஸ் அதை மீண்டும் திறந்து, பிறகு பல பத்தாண்டுகள் நடத்தினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க விமான நிறுவனங்கள் எல்லாம் ஒரே கனவைக் கண்டன: போரில் பறக்கப் பழகி வீடு திரும்பும் இளைஞர்கள் அனைவரும் ஆளுக்கொரு விமானம் வாங்குவார்கள் என்று. 1946 இல் மட்டும் முப்பதாயிரத்துக்கும் அதிகமான சிறிய விமானங்கள் அங்கே கட்டப்பட்டன. அடுத்த ஆண்டே சந்தை சரிந்தது. பல நிறுவனங்கள் காணாமல் போயின. செஸ்னா தப்பிப் பிழைத்தது. அதன் இரண்டு இருக்கை விமானங்களான 120, 140 ஆகியவற்றைப் பெருப்பித்து, 1948 இல் நான்கு இருக்கையோடு 170 என்ற விமானத்தை விட்டது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். முதல் 170இன் இறக்கைக்குத் துணிதான் போர்த்தியிருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த 170ஏ முழுவதும் உலோகம். உங்கள் மகளின் விமானத்துக்குத் தாய் இந்த 170தான்.

ஆனால் 170க்கு ஒரு பெரிய குறை இருந்தது. இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் 172இன் பிறப்பே இந்தக் குறையிலிருந்துதான். அந்தக் காலத்துச் சிறிய விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பெரிய சக்கரங்கள் முன்னால், ஒரு குட்டிச் சக்கரம் வாலில். விமானத்தின் பாரம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் விழும். தரையில் ஓடும்போது மூக்கு சற்றே பக்கம் திரும்பினால், பின்னால் இருக்கும் பாரம் நேராகவே போக முயன்று அந்தத் திருப்பத்தை இன்னும் கூட்டிவிடும். கொழுந்து ஏற்றிய டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். முன்னே இழுத்தால் இழுவைப் பெட்டி தானாக நேராகும். பின்னோக்கித் தள்ளினால் சிறு கோணம் நொடியில் பெருங்கோணமாகிப் பெட்டி மடங்கி நிற்கும். வால்சக்கர விமானம் இறங்கும்போது ஒவ்வொரு முறையும் பெட்டியைப் பின்னோக்கித் தள்ளும் வேலைதான். நாள்தோறும் பறப்பவருக்கு அது பழகிவிடும். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு பறப்பவருக்கு, காற்றும் பக்கவாட்டில் வீசினால், விமானம் சுழன்று இறக்கை தரையில் மோதும்.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததே: சக்கரத்தை மூக்குக்குக் கீழே வைத்து, பெரிய சக்கரங்களைப் பாரத்துக்குப் பின்னால் தள்ளுவது. செஸ்னாவுக்கு முன்பே வேறு சிலர் இதைச் செய்திருந்தார்கள். பைப்பர் நிறுவனம் 1951 இல் டிரை-பேசர் என்ற மூக்குச்சக்கர விமானத்தைக் கொண்டு வந்து நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே செஸ்னா இதைக் கண்டுபிடித்தது என்று எங்காவது வாசித்தால் நம்ப வேண்டாம். அவர்கள் செய்தது, நன்றாகப் பறக்கும் 170இன் உடலையும் இறக்கையையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, வாலை மாற்றி, மூக்குச் சக்கரம் பூட்டியது. அந்த முதல் விமானம் 1955 ஜூன் மாதம் பறந்தது. 172 என்ற பெயரில் 1956 இல் விற்பனைக்கு வந்த முதல் முழு ஆண்டிலேயே 1,400க்கு மேல் போனது. அதே ஆண்டில் 170இன் கதை முடிந்தது. வாங்கியவர்கள் தங்கள் தீர்ப்பை அவ்வளவு தெளிவாகச் சொன்னார்கள்.

அந்த முதல் விமானத்தில் இருந்த வேறு இரண்டு முடிவுகள் இன்றும் மாறவில்லை. ஒன்று, இறக்கை மேலே இருப்பது. எங்களுக்கு இந்த வடிவம் புதியதன்று. 1935 நவம்பரில் இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக வந்திறங்கிய விமானமே மதராஸ் பறப்புக் கழகத்தின் புஸ் மொத் என்ற, இறக்கை மேலே அமைந்த, ஒற்றை எஞ்சின் சிறு விமானந்தான். மரமும் இரும்புக் குழாயும் துணியும் கொண்டு கட்டியது. அதற்கு 20 ஆண்டுகளுக்குப் பின் வந்த செஸ்னாவில் எல்லாம் அலுமினியம். ஆனால் இறக்கையை மேலே வைத்து, சரிவான தாங்கு கம்பியால் உடலோடு பிணைக்கும் யோசனை அதே. மேலே இருந்தால் எரிபொருள் தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்கி வரும். பழைய மாடல்களில் பம்ப் பழுதாகும் கவலை இல்லை. கீழே உள்ள நிலம் மறைக்காமல் தெரியும். மழையிலும் வெயிலிலும் இறக்கைக்குக் கீழே நின்று வேலை செய்யலாம். இதன் அருமை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது முடிவு பெரிய சக்கரங்களின் கால். ஸ்டீவ் விட்மன் என்ற பந்தய விமானி வகுத்த முறை அது: எண்ணெயும் இல்லை, சுருள்வில்லும் இல்லை, ஒரே தட்டையான எஃகுப் பட்டை வளைந்து அதிர்ச்சியைத் தாங்கும். லொறியின் வில் தகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1971 மாடலில் தட்டைப் பட்டை போய்க் குழாய் வந்தது, யோசனை மாறவில்லை. முரட்டுத்தனமாக இறக்கும் மாணவர்களை அந்தக் கால்கள் எத்தனை பொறுமையோடு தாங்குகின்றன என்பதை வருடக் கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் இத்தனை காலமும் எதுவுமே மாறவில்லையா? வெளித்தோற்றத்தில் நடந்த மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1960 இல் வால் பின்னோக்கிச் சரிந்தது. அது அழகுக்காகச் செய்தது, பறப்புக்கு அதனால் ஒன்றும் கூடவில்லை. மறு ஆண்டு ஸ்கைஹோக் என்ற பெயர் வந்தது. 1963 இல் பின்புற உடலைத் தாழ்த்திப் பின்னால் ஒரு கண்ணாடி வைத்தார்கள். 1965 இல் இறக்கையின் பின்விளிம்பு மடல்களுக்கு, அதுவரை கையால் இழுத்த நெம்புகோலுக்குப் பதில், மின்மோட்டார் வந்தது. உண்மையான மாற்றங்கள் மூக்குக்குள்ளே நடந்தன.

1968 வரை அதில் இருந்தது கொன்டினென்டல் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சின், 145 குதிரைவலு. அந்த ஆண்டில் லைக்கோமிங் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின் வந்தது, 150 குதிரைவலு. ஐந்து குதிரைவலு கூடியது பெரிய விடயமன்று. இரண்டு சிலிண்டர் குறைந்ததும், 2,000 மணி நேரம் ஓடிய பின்பு பிரித்துப் புதுப்பித்தால் போதும் என்றானதும்தான் பெரிது. பயிற்சி நிலையங்கள் இந்த விமானத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அந்தக் கணக்கு. நல்ல எஞ்சின் அது. ஆனால் 1977 இல் ஒரு தவறும் நடந்தது. பழைய, ஒக்டேன் குறைந்த விமானப் பெற்றோல் கிடைப்பது அருகியதால், 100 ஒக்டேன் பெற்றோலுக்கென்று புதிய 160 குதிரைவலு எஞ்சின் ஒன்றைப் பூட்டினார்கள். அதன் வால்வுகளை இயக்கும் கேம் தண்டும் அதில் உரசும் டப்பெட்டுகளும் காலத்துக்கு முன்பே தேய்ந்து பொரிந்தன. எண்ணெயில் சேர்க்க ஒரு கலவையை விதித்தார்கள், உள்ளுறுப்புகளைத் திருத்தினார்கள், இறுதியில் 1981 மாடலோடு அந்த எஞ்சினை விட்டுவிட்டு, நிலைத்து நின்ற பழைய குடும்பத்து எஞ்சினுக்கே திரும்பினார்கள். புதியது என்பதாலேயே நல்லது ஆகிவிடாது என்பதற்கு, நீங்கள் கேட்ட விமானத்தின் வரலாற்றிலேயே கிடைக்கும் சான்று இது.

என் தந்தை வேலை செய்த தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர்கள் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தவை. சட்டமும் சுழலும் விதமும் அன்றைக்கு வார்த்தவை. பெயாரிங்கும் மோட்டாரும் மேசைத் தகடும் பலமுறை மாறியவை. அந்த ரோலரைப் பழையது என்றும் சொல்லலாம், புதியது என்றும் சொல்லலாம். 172ஐயும் அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் சரியாக விளங்கும்.

உறுதிக்கு ஒரு சான்று சொல்கிறேன். 1958 டிசம்பர் 4 ஆம் திகதி ரொபர்ட் டிம், ஜோன் குக் என்ற இருவர் லாஸ் வேகாஸ் நகரிலிருந்து ஒரு 172இல் கிளம்பி, 64 நாட்கள் 22 மணி நேரம் இறங்காமலே பறந்து, 1959 பெப்ரவரி 7 அன்று இறங்கினார்கள். பாலைவனத்து நேர்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு மேலே தாழப் பறந்து, குழாயை மேலே இழுத்துப் பெற்றோல் ஏற்றிக்கொண்டார்கள். இடையில் எங்கும் இறங்கவில்லை என்று நிரூபிப்பதற்காக, புறப்பட்டவுடனேயே வேகமாக ஓடும் காரிலிருந்து சக்கரங்களுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். ஒரு எஞ்சின் 1,500 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் சுழன்றது. அந்த விமானம் இன்றும் அந்நகர விமான நிலையத்தில் தொங்குகிறது.

இனி எங்கள் மலையோடு நேரடியாகத் தொடர்புள்ள விடயத்துக்கு வருகிறேன். பழைய 172களில், பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபுரேட்டர் இருக்கும். மோட்டார் சைக்கிளில் இருப்பது போலத்தான். காற்று அதன் குறுகிய கழுத்து வழியே வேகமாகப் பாயும்போது குளிரும். அதே இடத்தில் பெற்றோல் ஆவியாகும்போது வெப்பத்தை இன்னும் உறிஞ்சும். ஊசி போடுவதற்கு முன் தாதி ஸ்பிரிட் தடவினால் கை சில்லென்று ஆவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கழுத்துக்குள் வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் விழக்கூடும். வெளியே 15 அல்லது 18 பாகை, காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது என்றால், உள்ளே பனிக்கட்டி பிடித்துக் கழுத்தை அடைத்துவிடும். அந்த வெப்பநிலையும் அந்த ஈரமும் எங்கே இருக்கின்றன? ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் வருடத்தில் பாதி நாட்கள் வாசலில் நிற்கின்றன. பனிப்பிரதேசத்தில் மட்டும் எஞ்சினுக்குப் பனி பிடிக்கும் என்று எண்ணுபவர்கள் இதைக் கேட்டால் வியப்பார்கள். உறைகுளிர் வறண்டது, மூடுபனிக் குளிர்தான் காபுரேட்டருக்குப் பகை.

இதற்கென்று விமானத்தில் ஒரு இழுபிடி உண்டு. இழுத்தால், புகைக்குழாயைச் சுற்றி வரும் சூடான காற்று காபுரேட்டருக்குள் பாய்ந்து பனியை உருக்கும். ஆனால் உருகிய நீரை எஞ்சின் விழுங்கும்போது முதலில் இன்னும் மோசமாக இருமும். அனுபவமில்லாதவர் பயந்து பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவார். அதுதான் பிழை, இருமல் அடங்கும்வரை பிடித்திருக்க வேண்டும் என்று நல்ல பயிற்சியாளர் எவரும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார். மலைப்பக்கம் போய் வந்து, எஞ்சின் நடுவழியில் தள்ளாடியது என்று விமானத்தை எங்களிடம் ஒப்படைத்தவர்கள் உண்டு. கழற்றிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இரத்மலானை வெயிலில் பனி உருகி, ஈரமும் காய்ந்து போயிருக்கும். தடயமே வைக்காத கோளாறு என்பதால்தான் நான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். 1996 முதல் கட்டப்படும் 172களில் காபுரேட்டரே இல்லை; பெற்றோலை நேரே சிலிண்டர் வாயிலில் பீய்ச்சும் முறை. அந்த வகைப் பனி அவற்றுக்குப் பிடிக்காது. உங்கள் மகள் பழகும் விமானம் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1996 என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், அதற்கு முன் பத்து ஆண்டுகள் 172 கட்டப்படவே இல்லை. 1986 இல் செஸ்னா நிறுத்திவிட்டது. 1978 இல் 17,000க்கு மேல் சிறிய, நடுத்தர விமானங்களை விற்ற அமெரிக்கத் தொழில், 1994 இல் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. ஏன்? எங்கே விபத்து நடந்தாலும், விமானம் எத்தனை வருடம் பழையதானாலும், தயாரித்தவர்மேல் நட்டஈட்டு வழக்குப் போடலாம் என்றிருந்த சட்டந்தான் காரணம் என்று நிறுவனங்கள் கூறின. 1994 ஆகஸ்டில், 18 வருடத்துக்கு மேற்பட்ட சிறிய விமானத்துக்காகத் தயாரிப்பாளர்மேல் வழக்குத் தொடர முடியாது என்று புதிய சட்டம் வந்ததும், செஸ்னா வாக்குக் கொடுத்தபடியே புதிய தொழிற்சாலை கட்டி மீண்டும் தொடங்கியது. இவ்வளவும் பதிவில் உள்ள செய்தி. ஆனால் வழக்குகள் மட்டுமே காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வட்டி வீதம் ஏறியது, சந்தையில் பழைய நல்ல விமானங்கள் குவிந்து கிடந்தன, பயிலுநர் எண்ணிக்கை குறைந்தது என்று மறுபக்கத்தார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தேய்ந்து அழியாத பொருளைச் செய்த நிறுவனம், தான் செய்த பழைய பொருளோடேயே போட்டி போட நேர்ந்தது என்பது என் எண்ணம். எண்ணம் என்றே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் வந்த 172ஆர், 1998 இல் வந்த 172எஸ் ஆகிய இரண்டும் வெளியே பார்த்தால் அதே விமானம். உள்ளே, மோதலின் அதிர்ச்சியைத் தாங்கும் இருக்கைகள். எரிபொருளில் நீர் கலந்திருக்கிறதா என்று வடித்துப் பார்க்க 13 இடங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அலுமினியத் தகடுகளைப் பூட்டுவதற்கு முன் உட்புறமும் துருக்காப்புப் பூச்சு. பழைய மாடல்களில் பெரும்பாலும் உட்புறம் வெறும் அலுமினியந்தான். கன்சாஸ் வறண்ட நாடு, அங்கே அது போதும். இரத்மலானை கடலோரம். உப்புக் காற்று இறக்கைக்குள்ளும் வாலுக்குள்ளும் புகுந்து தகட்டைச் சாம்பல் போலப் பொடியாக்கிவிடும். வெளியே பெயின்ட் மின்னிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இது நடக்கும். இந்தத் தீவில் ஒரு பழைய விமானத்தைப் பற்றி எனக்கிருக்கும் முதல் கவலை எஞ்சின் அன்று, இந்த உப்புத்தான்.

ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேளுங்கள். மாடல் எந்த ஆண்டில் பிறந்தது என்று கேட்பதால் பயனில்லை. அதே மாடல் இன்றும் புதிதாகக் கட்டப்படுகிறது, இதுவரை 44,000க்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது, உலகத்தில் வேறெந்த விமானமும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. மகள் ஏறும் அந்த ஒரு விமானம் எந்த ஆண்டில் கட்டப்பட்டது, அதன் எஞ்சின் கடைசியாகப் பிரித்துப் புதுப்பிக்கப்பட்ட பின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, நூறு மணி நேரப் பரிசோதனை கடைசியாக என்று நடந்தது, இறக்கைக்குள் துரு பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். இவை எல்லாம் பதிவேட்டில் இருக்கும். காட்டத் தயங்காத நிலையம் நல்ல நிலையம். பிறகு இரண்டு இடங்களை நீங்களே பார்க்கலாம். விமானியின் இருக்கை ஓடும் தண்டவாளத்தில் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா? தேய்ந்தால், புறப்படும் வேகத்தில் இருக்கை பின்னோக்கி வழுக்கிவிடும். பயத்தில் விமானி கைப்பிடியை இழுத்துக்கொண்டே பின்னால் போவார், மூக்கு எழும்பும், இறக்கை தூக்குவிசையை இழக்கும். உயிர் போன விபத்துகள் இதனால் நடந்திருக்கின்றன. 1987 இல் அமெரிக்க அரசே இந்தத் தண்டவாளங்களைத் தவறாமல் பரிசோதிக்கக் கட்டளையிட்டது. மற்ற இடம், எஞ்சினுக்கும் அறைக்கும் நடுவில் உள்ள தீத்தடுப்புச் சுவர். மாணவர்கள் மூக்குச் சக்கரத்தை முதலில் மோதி இறக்கினால் அந்தச் சுவரின் அடிப்பகுதி சுருங்கும். முகச்சுருக்கம் போல மெல்லிய கோடுகள் தெரியும். எங்களிடம் வரும் எந்தப் பயிற்சி விமானத்திலும் நான் முதலில் விளக்கடித்துப் பார்க்கும் இடம் அது.

172தான் உலகத்தில் ஆகப் பாதுகாப்பான சிறு விமானம் என்று சொல்வார்கள். விபத்து வீதம் குறைவு என்பது மெய். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் விமானத்தின் குணம் எவ்வளவு, பக்கத்தில் பயிற்சியாளர் இருந்த மணி நேரங்கள் எவ்வளவு என்று பிரித்தெடுப்பது எளிதன்று. பயிற்சி விமானம் பெரும்பாலும் நல்ல வானிலையில், கண்காணிப்போடு பறக்கிறது. நான் கண்டவரை அது மன்னிக்கும் குணமுள்ள விமானம். இறக்கை தூக்குவிசையை இழப்பதற்கு முன் அதிர்ந்து எச்சரிக்கும். மூக்கைத் தாழ்த்தினால் உடனே மீளும்.

ஆனால் மலை மன்னிப்பதில்லை. உங்களுக்கும் எனக்கும் அதைச் சொல்லத் தேவையில்லை. 1974 டிசம்பர் 4 இரவு ஏழு கன்னியர் மலையில் மோதிய டிசி-8 விமானத்தில் 191 பேர் மாண்டார்கள். நான்கு ஜெட் எஞ்சின் பூட்டிய பெரிய விமானம் அது, எஞ்சினில் பழுதில்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று விமானிகள் தவறாக எண்ணிச் சீக்கிரமே கீழே இறங்கிவிட்டார்கள். மலைக்கு மேலே பறப்பதில் முதலாவது பாடம் உயரம், இரண்டாவது பாடம் மேகம். மூன்றாவது பாடத்தை எஞ்சின் பார்த்தவனாக நான் சேர்க்கிறேன்: மூச்சு. நுவரெலியா கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவதால், இந்த வகை எஞ்சினின் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 180 குதிரைவலுவுள்ள புத்தம் புதிய 172எஸ், நுவரெலியாவின் உயரத்தில் சுமார் 145 குதிரைவலுதான் தரும். 1956 இல் முதல் விமானம் கடலோரத்தில் தந்த அதே வலு. இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும்கூட அங்கே பிடிக்கக் காற்று குறைவு. நான்கு பேரையும் பயணப் பெட்டிகளையும் நிறைந்த எரிபொருளையும் ஏற்றிக்கொண்டு மலைப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து, எதிரே உயரும் மலையை விட வேகமாக ஏறிவிடலாம் என்று நினைத்தால் இந்த விமானம் கைவிட்டுவிடும். ஏறி முடித்துவிட்டுத்தான் மலைக்கு வர வேண்டும்.

அப்படி வந்தால் தாராளமாக வரலாம், சகோதரி. பிதுருதலாகலை 2,524 மீற்றர், அதாவது 8,300 அடிக்குச் சற்றுக் குறைவு. இந்த விமானத்தால் 14,000 அடி வரை ஏற முடியும். இரத்மலானையில் எழுந்து 9,500 அடிக்கு ஏற இருபது நிமிடம் வேண்டும். அதற்குள் அவிசாவளையைத் தாண்டிவிடும். அங்கிருந்து ஹட்டன் பத்து நிமிடம். பஸ்ஸில் நான்கைந்து மணி நேரம் போகும் வழி. விமானிகள் அதற்குத் தேர்ந்தெடுப்பது சனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், காலை ஒன்பது மணிக்கு முன், மேகம் பள்ளத்தாக்குகளில் இருந்து எழும்பாத நேரம். தனியாகப் பறக்கும் தகுதியை மகள் பெற்ற பிறகு, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, அப்படி ஒரு காலையில் வருவாள். நீங்கள் வெளியே வந்து மேற்குப் பக்கம் பாருங்கள். இறக்கை மேலே இருப்பதால் அவளுக்கு உங்கள் கூரை மறைக்காது.